பாதி பாட்டில் குடிக்க, பாதி பாட்டில் எழுத

இருபத்தாறு பேர் ஒரே அறைக்குள், ஒரே நேரத்தில், வாயைத் திறந்து அழுது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இன்று காலை ஒன்பது மணிக்கு, ரெட்டியார்பாளையத்தில். எல்லாருக்கும் மூன்றரை வயது. எல்லாரும் டை கட்டியிருந்தார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் ஈப்போ. வயது இருபத்திரண்டு. பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பில் கடைசி செமஸ்டர். வெளிநாட்டுக்குப் போய்ப் பயிற்சி எடுக்கலாம் என்று கல்லூரியில் சொன்னபோது கூட இருந்தவர்கள் தைவான், ஆஸ்திரேலியா என்று கையைத் தூக்கினார்கள். நான் புதுச்சேரி என்றேன். "தமிழ்தானே, கண்ணை மூடிக்கிட்டு சமாளிச்சிருவேன்" என்று கேன்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வாயை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

கல்லூரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இருபது நாள் வகுப்பில் நின்று பாடம் எடுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் பள்ளித் தலைமையாசிரியை கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது கையெழுத்தோடு போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அதாவது அம்மாவின் முகத்தை இன்னும் ஆறு மாதம் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்து இறங்கினேன். நெல்லித்தோப்பில் ரீட்டா ஆன்ட்டி வீட்டு மாடியில் ஓர் அறை. ஆன்ட்டி அரசாங்க ஆபீசில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போய்விட்டு வந்தவர் கீழே கூப்பிட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டியை மேசையில் வைத்தார். வெளியே மொறமொற, உள்ளே பஞ்சு. பக்கத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு. எங்கள் ஊரில் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சனாயைப் பருப்புக் குழம்பில் முக்கி வளர்ந்தவள் நான். இந்த ரொட்டியைக் குழம்பில் முக்கிய இரண்டாவது வாயில் சனாயை மறந்துவிட்டேன். துரோகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆன்ட்டியின் மாமனார் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனில் இருப்பவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். என்னைப் பார்த்து "பொன்ழூர்" என்றார். நான் "வணக்கம் தாத்தா" என்றேன்.

"மலேசியாவுல பிரெஞ்சு சொல்லித் தரமாட்டாங்களா?"

"இல்ல தாத்தா. மலாய், இங்கிலீஷ், தமிழ்."

"பாவம்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இன்று திங்கள். காலையில் நெல்லித்தோப்பு சிக்னலில் டெம்போ ஏறினேன். டெம்போ என்றால் மூன்று சக்கரத்தில் ஓடும் ஒரு பெரிய டப்பா. எட்டுப் பேர் உட்காரலாம் என்று பார்த்தால் தெரியும், பதிமூன்று பேர் உட்கார்ந்தால்தான் கிளம்பும். என் பெரிய பையை டிரைவர் வாங்கித் தன் காலடியில் சொருகிக்கொண்டார். அந்தப் பைக்குள் மூன்று வாரம் உட்கார்ந்து நான் வெட்டித் தைத்த துணி எழுத்துகள், கைப்பொம்மைகள் நான்கு, ஒரு துணி யானை. என் முதல் நாள் பாடம் முழுக்க அதற்குள்தான்.

எங்கள் ஊர் பஸ்ஸில் மணியை அழுத்தினால் நிற்கும். இங்கே மணி எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே என் ஸ்டாப் போய்விட்டது. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அக்கா, "இன்னாம்மா, வாய் இல்லியா? நிறுத்துன்னு சொல்லு" என்று எனக்குச் சொல்லிவிட்டு, எனக்காக அவரே கூரையைத் தட்டினார். டெம்போ நின்றது. நான் மூன்று பேர் முழங்காலைத் தாண்டிக் குதித்து, காசு கொடுத்து, பெருமையாகத் திரும்பி நடந்தேன். பத்தடி நடந்த பிறகுதான் கை காலியாக இருப்பது உறைத்தது. டெம்போ வில்லியனூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது, என் யானையோடு.

ஓடினேன். சுடிதாரில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. ஸ்டாப்பில் இருந்த டீக்கடைக்காரர், "ஓடாதம்மா, சாயங்காலம் அதே வண்டி இப்டித்தான் வரும், சொல்லி வாங்கி வெக்கிறேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு, வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன்.

நிர்மலா மேடம்தான் தலைமையாசிரியை. கஞ்சி போட்ட காட்டன் சேலை, கண்ணாடிக்கு மேல் வழியாக ஒரு பார்வை. இருபது கையெழுத்துக்கும் கட்டம் போட்ட என் பதிவு நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு மூடினார்.

"இங்க பாரும்மா தர்ஷினி. எல்.கே.ஜி. மிஸ் டெலிவரிக்குப் போயிருக்காங்க. அதான் ஒன்ன கிளாஸ்ல வுடறேன். இன்னிக்கு ஒரு நாள் பாப்பேன். மத்தியானம் கேட்டுல ஒரு பேரன்ட், ஒரே ஒரு பேரன்ட், கம்ப்ளெய்ன்ட் பண்ணாங்கன்னு வெச்சுக்கோ, நாளைலேர்ந்து ஆபீஸ்ல ஒக்காந்து ஐடி கார்டுக்குப் போட்டோ ஒட்டு. கையெழுத்து கேக்கக் கூடாது."

"வராது மேடம்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க." மேசையிலிருந்து ஒரு கட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். "இன்னிக்கு ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன். ஒரு பக்கம் எழுத வெச்சிரு. பேரன்ட்ஸ் பையத் தொறந்ததும் மொதல்ல நோட்டத்தான் பாப்பாங்க."

நிற்கும் கோடு, படுத்த கோடு. இங்கே எழுத்து எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. எனக்கு அதில் சண்டை கிடையாது. மூன்றரை வயது விரலில் பென்சிலைச் சொருகுவதில்தான் சண்டை. நான்கு வருடம் அதைப் பற்றித்தான் படித்திருக்கிறேன். ஆனால் மேடத்திடம் அதைச் சொல்லும் தைரியம் அந்த நிமிஷம் வரவில்லை. நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

பள்ளி திறந்த முதல் நாள் வேறு. கேட்டில் ஒவ்வொரு குழந்தையையும் அம்மாவிடமிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பிய்த்தவர் செல்வி அக்கா. எல்.கே.ஜி.யின் உதவிக்கு இருப்பவர். கேட்டில் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இறக்கிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓர் அம்மா என் கையைப் பிடித்தார். ஜவுளிக்கடை யூனிஃபார்ம் சேலை. அவசரம், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று முகமே சொன்னது.

"மிஸ், இவன் பேரு கவின். போன மாசம் யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து காய்ச்சலோட ரெண்டு நாள் ஆஸ்பத்திரில இருந்தான். டாக்டரு தண்ணி நெறைய குடுக்கச் சொன்னாரு, இவன் வாயே வெக்க மாட்டேன்றான். இந்தப் பாட்டில மட்டும் எப்படியாச்சும் குடிக்க வெச்சிருங்க மிஸ்."

நீல நிறப் பாட்டில். அதில் டைனோசர். நான் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்றேன். அதே நேரம் வேறொரு குழந்தை என் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதரைக்கு நோட்டு கொடுத்தேன். நேர்மையாக முயற்சி செய்தேன், சாட்சி செல்வி அக்கா. இரண்டு பேர் ரப்பரைக் கடித்தார்கள். ஒருத்தி பென்சிலால் பக்கத்துப் பையனின் காதை ஆராய்ந்தாள். ஆறு பக்கம் கிழிந்தது. அழுகை நின்றிருந்தவர்கள் எல்லாம் பென்சிலைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தார்கள். எங்கள் பாலர் பள்ளியில் கம்பளம், ஏர்கான், குழந்தை உயரத்துக்குக் கைகழுவும் தொட்டி, பத்து மணிக்கு ஒரு டம்ளர் மைலோ. இங்கே ஒரு ஃபேன். அதுவும் யோசித்து யோசித்துச் சுற்றியது.

"மிஸ்ஸு, நீ இப்டியே நின்னுனு இருந்தினா மத்தியானம் வரைக்கும் அழுவுங்க" என்றார் செல்வி அக்கா. "எதனா பண்ணு."

அப்போதுதான் ஒருத்தி தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். தண்ணீர் தரையில் ஓடியது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, ஒரு விரலைத் தண்ணீரில் வைத்து இழுத்தாள். நேராக ஒரு கோடு. நிற்கும் கோடு.

யானை போனால் போகட்டும் என்று எனக்குள் ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

"அக்கா, எல்லாரையும் பாட்டிலோட வெளி முத்தத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்."

"ஷூ நனையும்."

"கழட்டிருவோம்."

"அம்பத்திரண்டு ஷூ. யாரு திரும்பப் போட்டுவுடறது?"

"நான்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முதல் ஷூவைக் கழற்றினார்.

வகுப்புக்கு வெளியே சிமென்ட் முற்றம், பாதி இடத்துக்குப் பாதாம் மர நிழல். பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, விரலை முக்கி, நிற்கும் கோடு. அது காய்வதற்குள் படுத்த கோடு. ஜூன் மாதச் சிமென்ட் சுடச்சுட உறிஞ்சிக்கொண்டது. கோடு மறைந்ததும் ஒரு நொடி அதிர்ச்சி, அடுத்த நொடி "மிஸ், காணோம் மிஸ்" என்று சிரிப்பு, உடனே இன்னொரு கோடு. அழுகை எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. மேடம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். அங்கிருந்து குழந்தைகளின் முதுகு மட்டும்தான் தெரியும்.

கவின் ஓரமாக உட்கார்ந்திருந்தான். பேசவில்லை. டைனோசர் பாட்டிலைத் திறந்து நேராகத் தரையில் ஊற்றி, நிற்கும் கோட்டின் காலோடு படுத்த கோட்டை ஒட்ட வைத்தான். ட. அதை நான் சொல்லித் தரவே இல்லை.

"கவின், இது 'ட' டா."

அவன் என்னைப் பார்த்தான். மறுபடி ஊற்றினான். மறுபடி ட. பாட்டில் காலியாகும் வரை ட.

பதினொரு மணிக்கு ஸ்நாக்ஸ். டப்பாவைத் திறந்ததும் "மிஸ், தண்ணி" என்றது ஒரு குரல். பிறகு இருபது குரல். இருபத்தாறு பாட்டிலிலும் ஒரு சொட்டு கிடையாது. செல்வி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபீஸிலிருந்து கேனை உருட்டி வந்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தோம். கேட்டவர்களுக்கு எல்லாம் கொடுத்தோம். அதன் பிறகு நான் ஐம்பத்திரண்டு ஷூவோடு மல்லுக்கட்டினேன். இடது எது, வலது எது என்று என்னைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு மணி. கேட் திறந்தது.

மேடம் சொன்னது தப்பு. அம்மாக்கள் முதலில் நோட்டைப் பார்க்கவில்லை. பாட்டிலைத்தான் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பையிலிருந்து பாட்டிலை உருவி, காதோரம் ஆட்டினார்கள்.

"ஐய, பூரா குடிச்சிட்டு இருக்கா பாரேன்."

"எங்க வீட்ல ஒரு மடக்கு குடிக்கிறதுக்கு ஊரையே கூட்டுவான். இன்னா மிஸ் பண்ணீங்க?"

"மலேசியா மிஸ்ஸாம். அங்கல்லாம் ட்ரெய்னிங் அப்டி."

மேடம் கேட்டோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு மேல் வழியாக அல்ல, கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். கொஞ்சம் சிரித்தார்கூட. "மொத நாளே தண்ணி குடிக்க வெச்சிட்டியே" என்றார். இருபது நாளும் கைக்கு வந்துவிட்டது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

கவின் அம்மா கடையிலிருந்து பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். டைனோசர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தார். ஒன்றும் விழவில்லை. அப்படியே என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், ஒரு மாசமா கெஞ்சறேன் மிஸ். பூராவும் குடிச்சானா? அப்ப இன்னிக்கு நான் நிம்மதியா கடைக்குப் போவேன்."

காலையில் தலையாட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். கவின் கேட்டானா? அவன் எதையுமே கேட்கிறவன் இல்லையே. திரும்பிச் செல்வி அக்காவைப் பார்த்தேன். அவர் மெதுவாக உதட்டைப் பிதுக்கினார். தெரியாது.

மேடம் நாலடி தூரத்தில். கையெழுத்துப் பேனா அவர் கையிலேயே இருந்தது.

"குடிக்கலக்கா" என்றேன். "கீழ ஊத்தி எழுதினான். எல்லாருமே அப்படித்தான். பாட்டில் தண்ணிலதான் இன்னிக்குக் கோடு போட்டோம். மத்தவங்களுக்குக் கேன் தண்ணி குடுத்தோம். கவினுக்குக் குடுத்தேனான்னு எனக்குத் தெரியல. நீங்க காலைல சொன்னத நான் மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

கேட்டில் எல்லாப் பைகளும் திறந்தன. இப்போது நோட்டு.

"இன்னா, ஒண்ணுமே எழுதல?"

"என் நோட்டு கிழிஞ்சிருக்குது."

"தண்ணில எழுதறதுக்கு எதுக்குப் பீஸ் கட்டி நோட்டு வாங்கறோம்?"

"மலேசியாவுல பேப்பர் தீந்துபோச்சு போல."

அதற்குச் சிலர் சிரித்தார்கள். ஆனாலும் நான் அங்கிருந்து நகரவில்லை. ஓடிப்போனால் நாளைக்கு அந்தக் கேட்டில் எப்படி நிற்பது.

கவின் அம்மா யாரோடும் சேர்ந்து பேசவில்லை. கைப்பையிலிருந்து தன்னுடைய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துத் திறந்து மகனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கியதும் நேராகப் படிக்கட்டில் சாய்த்தான்.

"டேய், ஊத்தாத. குடி."

"ட" என்றான் கவின், படியில் கோட்டைக் காட்டி.

அம்மா குனிந்து பார்த்தார். வெயிலில் அது ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அது போவதற்குள் அவர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னொன்னு எழுதணுமா? அப்ப மொதல்ல இதுல பாதி குடி. பாதி உள்ள போனாதான் பாதி கீழ."

கவின் யோசித்தான். வாயை வைத்தான். குடித்தான். மூன்று இடத்தில் மூச்சு வாங்கிக் குடித்தான். பாதிக்குக் கொஞ்சம் கீழேயே போனதும் பாட்டிலைப் பறித்துக்கொண்டு படிக்கு ஓடினான்.

அவன் அம்மா என்னைப் பார்த்து நன்றி எல்லாம் சொல்லவில்லை. கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. "நாளைக்கும் இதே மாதிரி பண்ணுங்க மிஸ். ஆனா பாதிக்குக் கோடு போட்டு வெச்சுக்கினு, நீங்க கண்ணால பாத்துட்டு ஊத்த வுடுங்க. தெரியலன்னு சொல்லாதீங்க." மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஒருவர், "என் பொண்ணுக்கும் அப்டியே கோடு போட்டுருங்க மிஸ்" என்றார். இன்னொருவர், "மொதல்ல நோட்டுல கோடு போடச் சொல்லுங்க" என்றார்.

ஆபீஸில் மேடம் என் பதிவு நோட்டைத் திறந்து வைத்தார்.

"இத கம்ப்ளெய்ன்ட்டுன்னு எடுத்துக்கறதா, இல்லியான்னு எனக்கே தெரியல" என்றார். "சும்மா இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது. இல்ல?"

"அந்தப் பையனுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். முதல் நாள் கட்டத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டார்.

"தண்ணில எழுதறது அரை மணி நேரம். அதுக்கு மேல போவக் கூடாது. அப்புறம் நோட்டு. நாளைக்கு ஒவ்வொரு நோட்டுலயும் ஒரு பக்கம் புள்ளி வெச்சு எடுத்துனு வா, பசங்க அதும் மேல இழுக்கட்டும். கேட்டுல அமைதியா போச்சுன்னா, இதும் மேலயே பேனாவுல போட்டுத் தரேன். போவலன்னா ரப்பர் இருக்குது."

மூன்றரை வயதுக்குப் பென்சில் கூடாது என்ற என் கருத்து இன்னும் மாறவில்லை. நாளைக்குத் தண்ணீரில் அரை மணி நேரம் ஆடி விரல் பழகிய பிறகு, புள்ளி மேல் ஐந்து நிமிடம். அவ்வளவுதான் விட்டுக்கொடுப்பேன். இருபது நாளில் மேடத்தை ஒரு மணி நேரத் தண்ணீருக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

பை டீக்கடைக்கு இன்னும் வரவில்லை. டிரைவரிடம் போனில் சொல்லிவிட்டார்களாம், நாளைக் காலை தருவார். ரீட்டா ஆன்ட்டி மாடிக்கு டீயும் மீதி ரொட்டியும் கொடுத்தனுப்பினார். பக்கத்துக் கடையில் பாட்டிலில் ஒட்டுவதற்கு இருபத்தாறு கோட்டுக்கு வேண்டிய சிவப்பு டேப் வாங்கிவிட்டேன். கவின் பாட்டிலுக்கான துண்டை முதலில் வெட்டி வைத்திருக்கிறேன்.

நோட்டுகள் கட்டிலில் பரந்து கிடக்கின்றன. ஒரு பக்கத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணுவதை எட்டாவது நோட்டிலேயே விட்டுவிட்டேன். இப்போது சாயங்காலம் மணி ஆறு பத்து. பதினேழு நோட்டு முடிந்தது, இன்னும் ஒன்பது. பேனா தீர்ந்துவிட்டது.